ஒற்றைப்படை வருஷத்துத் தருமம்

பிளாஞ்ச் ஹவ்லிக்குக்கு வயது அறுபத்தாறு. அவள் முழங்கால்களுக்கு நூற்றுப்பத்து. இது அவளே சொல்லும் கணக்கு.

ஹோலுப் ஊர்ச் சமூகக் கூடத்தின் நிலவறைக்கு இறங்கப் பதினான்கு படிகள். இருபத்து மூன்று வருஷமாக, வாரத்தில் ஐந்து நாள், நாளுக்குப் பத்துத் தடவையாவது அவற்றில் ஏறி இறங்கியிருக்கிறாள். அத்தனை படிகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால் நிலாவுக்குப் போய், அங்கே காலை நீட்டி உட்கார்ந்து ஒரு காப்பியும் குடித்துவிட்டு வந்திருக்கலாம். உட்கார்வதற்காகவே போயிருப்பாள்.

நிலவறையில் இருப்பது சமையல்கட்டு. தள்ளாத வயதில் தனியாக இருக்கிறவர்களுக்கு மதியச் சாப்பாடு சமைத்து வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுக்கிற இடம். நாற்பத்தாறு வீடு, நாற்பத்தாறு தட்டு. சமைப்பவள் பிளாஞ்ச், வண்டி ஓட்டுபவள் பிளாஞ்ச், செக்கை வங்கியில் போட்டு ரசீது எழுதுபவளும் பிளாஞ்ச். சம்பளம் என்று ஒன்று உண்டு. அதைச் சம்பளம் என்று சொன்னால் சம்பளத்துக்கே கோபம் வரும்.

அந்த டிசம்பர் மாதம் அவள் தோள்பையில் நாற்பத்தாறு கடிதங்கள் இருந்தன. சமையல்கட்டின் தலைவன் எர்வின் ஸ்லாமா தட்டச்சு செய்து கொடுத்தவை. 'மிகுந்த வருத்தத்துடன்' என்று தொடங்கி, 'ஜனவரி 31 முதல் மதிய உணவு நிறுத்தப்படுகிறது' என்று முடியும். நடுவில் ஐந்து வரி வருத்தம். வருஷக் கடைசிக்குள் பதினெட்டாயிரம் டாலர் சேர்ந்தால் கடிதங்களைக் கிழித்துப் போடலாம். சேராவிட்டால் ஜனவரி இரண்டாம் தேதி, தட்டோடு தட்டாக, அவளே வீடுவீடாகக் கொடுக்க வேண்டும். தபாலில் அனுப்பலாமே என்று எர்வின் சொன்னான். "பதிமூணு பேருக்குக் கண்ணு தெரியாது. நான்தான் படிச்சுக் காட்டணும்" என்றாள் பிளாஞ்ச்.

வழக்கமாக டிசம்பர் கடைசி வாரத்தில் தபால் பெட்டி பிதுங்கும். ஊர் மொத்தமும் விவசாயக் குடும்பம். அறுவடை முடிந்து, மக்காச்சோளத்தை விற்று, கையில் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்து, அப்புறம்தான் சர்ச்சுக்கும் சமையல்கட்டுக்கும் செக் எழுதுவார்கள். வருஷத்துக்கு வேண்டியதில் முக்கால்வாசி அந்த ஒரு வாரத்தில் வந்துவிடும். இந்தத் தடவை டிசம்பர் இருபத்தேழு வரைக்கும் பெட்டியில் வந்தது ஒரு விதைக் கம்பெனிக் காலண்டரும் இரண்டு மின்கட்டணச் சீட்டும். சரியாகச் சொன்னால் ஒரே சீட்டுதான். இரண்டாவது, முதலாவதை இன்னும் ஏன் கட்டவில்லை என்று கேட்டு வந்தது.

இப்படி நடப்பது முதல் தடவையும் இல்லை. இரண்டாயிரத்துப் பதினெட்டில் இப்படித்தான் காய்ந்தது. மக்காச்சோளம் விலை விழுந்துவிட்டது என்றார்கள். இருபதில் காய்ந்தது; ஊரெல்லாம் முகமூடி கட்டிக்கொண்டு திரிந்த வருஷம், யாரைக் குறை சொல்ல? இருபத்திரண்டில் மழையே இல்லை, ஆற்றில் தவளை தண்ணீர்ப் புட்டியோடு அலைந்தது. ஒவ்வொரு பஞ்சத்துக்கும் ஒரு காரணம் இருந்தது; கையிருப்பைச் சுரண்டித் தப்பித்தார்கள், இப்போது சுரண்ட ஒன்றும் மிச்சமில்லை. இந்த வருஷத்துக்குத்தான் காரணம் கிடைக்கவில்லை. நல்ல மழை, நல்ல விளைச்சல். எர்வின் வயலில் கதிர் இருந்த உயரத்துக்கு, உச்சியில் கூடு கட்டின பறவைக்கு மூச்சு வாங்கியதாகப் பேச்சு.

இருபத்தேழாம் தேதி மதியம் லிபி குச்செரா வீட்டில் தட்டைக் கொடுக்கப் போனாள். லிபிக்கு எண்பத்தொன்பது. ஊன்றுகோலை நடக்க ஊன்றுவதைவிட ஆளைக் குத்தப் பயன்படுத்துவதுதான் அதிகம்.

"இன்னைக்கு என்னடி?"

"பன்றிக்கறி, மாவுருண்டை, புளிச்ச முட்டைக்கோஸ்."

"உருண்டை கல்லு மாதிரி இருக்குமா, போன வாரம் மாதிரி?"

"பல்லக் கழட்டி வச்சுட்டு முழுங்குங்க."

லிபி சிரித்துக்கொண்டே அலமாரியிலிருந்த காப்பி டப்பாவை இறக்கினாள். மாதக் கடைசியில் அதிலிருந்து ஒரு இருபது டாலர் நோட்டு வரும். மாதம் தவறியதில்லை. பிளாஞ்ச் கேட்பதும் தவறியதில்லை.

"ரசீது வேணுமா?"

"எதுக்கு? சொர்க்கத்து வாசல்ல கேப்பாங்கன்னா நீயே ஒரு வார்த்த சொல்லிடு. உனக்கு முன்னாடி போற எண்ணமில்ல எனக்கு." ஊன்றுகோல் பிளாஞ்சின் இடுப்பில் மெல்லக் குத்தியது. "என்னடி மூஞ்சி இப்படித் தொங்குது?"

"தூக்கமில்ல."

கடிதப் பை தோளில் இருந்தது. லிபியின் பெயர் எழுதிய உறை மேலேயே இருந்தது. பிளாஞ்ச் பையை அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டு வண்டிக்கு வந்தாள். சாவியைத் திருகாமல் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மூடிவிட்டால்தான் என்ன? அக்கா ரமோனா அரிசோனாவில் மேசா ஊரில் இருக்கிறாள். வாசலில் ஒரு ஆரஞ்சு மரம், பக்கத்தில் ஒரு காலி அறை. ஒவ்வொரு ஞாயிறும் போனில் அதே பாட்டுதான். "இங்க வெயில் இருக்கு. படி இல்ல. நீ வந்து ரெண்டு மாசம் காலை நீட்டி உக்காரு பிளாஞ்ச், ஊர் ஒண்ணும் செத்துப் போயிடாது." ஊரில் நாற்பத்தாறு பேர் என்ன ஆவார்கள் என்பதை ரமோனா கணக்கில் எடுப்பதில்லை. அன்றைக்கு, அந்த வண்டிக்குள், பிளாஞ்சும் கொஞ்சநேரம் எடுக்காமல் இருந்து பார்த்தாள். சுகமாகத்தான் இருந்தது. அப்புறம் பின்சீட்டில் தட்டுகள் ஆறுவது நினைவுக்கு வந்தது.

முப்பதாம் தேதி, திங்கட்கிழமை, தட்டெல்லாம் கொடுத்து முடித்தபின் சமையல்கட்டின் வருஷக் கணக்கை எடுத்துக்கொண்டு மைலோ செர்வெனியின் அலுவலகத்துக்குப் போனாள்.

மைலோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹோலுப்பில் வரிப் படிவம் நிரப்பித் தருகிற ஒரே ஆள். பிளாஞ்சோடு ஒரே வகுப்பில் படித்தவன். ஊரில் யாரும் கட்டத் தேவையில்லாத ஒரு சென்ட் வரியை அவன் கட்டவிட்டதில்லை. செத்துப்போன மூன்று பேருக்குத் திரும்பி வரவேண்டிய வரியை வாங்கிக் கொடுத்திருக்கிறான். அதில் ஒருவர் கனவில் வந்து நன்றி சொன்னதாக அவனே சொல்வான். அவன் கல்யாணம் நடந்தது டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி மாலை நாலு மணிக்கு. வருஷத்தின் கடைசி நாளில் மோதிரம் மாற்றினாலும் முழு வருஷத்துக்கும் கல்யாணமானவன் என்றுதான் வரிச் சட்டம் எடுத்துக்கொள்ளும். "அவரு என்னைப் பாத்ததவிடக் கடியாரத்தப் பாத்ததுதான் அதிகம்" என்று அவன் பெண்டாட்டி இன்றும் சொல்லிக் காட்டுவாள். சமையல்கட்டுக் கணக்கை மட்டும் அவன் இனாமாக எழுதித் தருவான்.

முன்னறையில் ஒரு நாற்காலி. பிளாஞ்ச் அதில் தன்னை இறக்கி வைத்தாள். உள்ளே யாருக்கோ பேச்சு நடந்துகொண்டிருந்தது. கதவு பாதி திறந்திருந்தது. அந்தக் குரலுக்குக் கதவு முழுசாகச் சாத்தியிருந்தாலும் கேட்டிருக்கும். எர்வின் ஸ்லாமா.

"காலையில தானிய டிரெய்லர் ஒண்ணு வாங்கிட்டேன் மைலோ. இருவத்தி எட்டாயிரம்."

"நல்லது. இந்த வருஷ வருமானத்துலயே மொத்தமா கழிச்சிடலாம். தேவைப்பட்டுச்சா?"

"தேவையான்னு கேட்டா... டிசம்பர் வந்துடுச்சில்ல?"

"அதுவும் சரிதான்."

"சரி, இந்த சர்ச், சமையல்கட்டு, அதுக்கெல்லாம்?"

"ஒத்தப் பைசா குடுக்காத."

பிளாஞ்ச் கண்ணைத் திறந்தாள். மூடியிருந்ததே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

மைலோவின் பென்சில் மேசையில் தட்டும் சத்தம் கேட்டது. "வருஷா வருஷம் சொல்றதுதான். சட்டம் மாறுனதுலேர்ந்து, புருஷன் பெண்டாட்டிக்குச் சேத்து இருவத்தி ஒம்பதாயிரம் சொச்சம் அரசாங்கமே கழிச்சுக் குடுத்துடுது. யாருக்கு எவ்வளவு குடுத்தேன்னு கேள்வியே கிடையாது. நீ பட்டியல் போட்டுக் காட்டி, அது இருவத்தி ஒம்பதத் தாண்டுனாத்தான் பட்டியலுக்கு மதிப்பு. உன் பட்டியல்ல மத்ததெல்லாம் பத்தாயிரம். தருமம் வருஷத்துக்குப் பதினொண்ணு. இருவத்தி ஒண்ணுதான் ஆச்சு. தாண்டல. நீ குடுத்தாலும் ஒண்ணுதான், குடுக்காட்டியும் ஒண்ணுதான். ஆனா ரெண்டு வருஷத்துத் தருமத்த ஒரே வருஷத்துல குடுத்தா? இருவத்தி ரெண்டும் பத்தும் முப்பத்தி ரெண்டு. தாண்டிருச்சு. கையில அறுநூறு டாலர் மிச்சம். அதான் ரெட்டைப்படை வருஷத்துல பையத் தொறக்காத, ஒத்தப்படையில ரெட்டையாக் குடுன்னு சொல்றேன்."

"ஆமா, ஆமா, போன வருஷம் ரெட்டையாத்தானே குடுத்தேன்."

"அப்ப அடுத்த வருஷம் திரும்ப ரெட்டையாக் குடு."

பிளாஞ்ச் எழுந்தாள். முழங்கால் இரண்டும் பட்டாசு மாதிரி வெடித்தன. உள்ளே இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். எர்வினின் கை தானாகத் தொப்பியைத் தேடியது.

"மைலோ, இதை எர்வினுக்கு மட்டும்தான் சொன்னியா?"

"வா பிளாஞ்ச். எல்லாருக்கும்தான். நல்ல யோசனைய ஒருத்தனுக்கு மட்டும் சொல்ல நான் என்ன..."

"எல்லாருக்குமா?"

"யாருக்குப் பொருந்துதோ அவங்களுக்கு. ஒரு நாப்பது நாப்பத்தஞ்சு குடும்பம் வரும்."

"ஊர்ல வேற யாரு வரி எழுதுறாங்க?"

"யாருமில்ல" என்றான் மைலோ. பெருமையாகத்தான் ஆரம்பித்தான். சொல்லி முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது.

பிளாஞ்ச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். சத்தம் போடத் தெம்பில்லை. "பதினெட்டுல பணம் ஏன் வரலன்னு சொன்னோம், எர்வின்?"

"மக்காச்சோளம் விலை..."

"இருவதுல?"

"அந்த நோய்."

"இருவத்தி ரெண்டுல?"

"மழையில்லாம..."

"இந்த வருஷம்?"

எர்வின் தொப்பிக்குள் பார்த்தான். அங்கே பதில் எதுவும் எழுதியிருக்கவில்லை. "இந்த வருஷம் நல்ல மழை" என்றான்.

"ஆறு வருஷமா வானத்தையும் சந்தையையும் திட்டிக்கிட்டிருந்தோம். பாவம், அதுங்க ஒண்ணும் பண்ணல. இந்த ஊர்ல ஒரே ஒரு பென்சில்தான் இருக்கு. அது ரெட்டைப்படை வருஷத்துல எழுதாது."

மைலோ பென்சிலைக் கீழே வைத்தான். "இரு. நான் கம்மியாக் குடுக்கச் சொல்லல. ரெண்டு வருஷத்துக்கும் சேத்துத்தானே குடுக்கச் சொன்னேன்? ஒரு டாலர் குறையல. ஒத்தப்படையில ரெட்டையா வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு."

"அப்ப அது எங்க?"

பிளாஞ்ச் எர்வினைப் பார்த்தாள். மைலோவும் பார்த்தான். சுவரில் இருந்த மைலோவின் பெண்டாட்டி படமும் பார்த்த மாதிரிதான் இருந்தது.

"பத்தொம்பதுல புது அடுப்பு" என்றாள் பிளாஞ்ச். "பழசு நல்லா எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. இருவத்தி ஒண்ணுல வண்டி. போன வருஷம் தரைக்குப் புது ஓடு. எல்லாம் டிசம்பர் முப்பதாந்தேதி. எல்லாம் இவன் கையெழுத்து."

"கையில பணமா நின்னா வரி போட்டுருவானேன்னு..." எர்வின் இழுத்தான்.

"சமையல்கட்டுக்கு ஏதுய்யா வரி? தரும காரியம். வரியே கிடையாது!"

"தெரியும்."

"தெரியுமா?"

"தெரியும் பிளாஞ்ச். நான்தானே தலைவரு." அவன் கழுத்து சிவந்தது. "ஆனா டிசம்பர் முப்பது வந்தா கை தானா செக் புஸ்தகத்தத் தேடுது. எங்கப்பாவுக்கும் அப்படித்தான். அவரு செத்தது ஒரு டிசம்பர் மாசம். ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டே ஒரு டிராக்டர் வாங்கினாரு."

யாரும் சிரிக்கவில்லை. அது பொய்யும் இல்லை; அந்த டிராக்டர் இன்னும் ஓடுகிறது.

பிளாஞ்ச் மறுபடி உட்கார்ந்தாள். கேட்பதற்கு முன்பே பதில் தெரிந்திருந்தாலும் கேட்டாள். "இன்னைக்கு ஆளுக்குக் கொஞ்சம் குடுத்தா?"

மைலோ உதட்டைப் பிதுக்கினான். "குடுக்கலாம். ஆனா இந்த வருஷத்துல ஒருத்தனுக்கும் கழிவு கிடையாது. கேட்டா, கொஞ்சம் பொறு, அடுத்த வருஷம்னுதான் சொல்லுவானுங்க. நான்தானே பழக்கி விட்டேன்."

"லிபி குச்செரா மாசாமாசம் இருவது குடுக்கிறா. அவளுக்கு என்ன கழிவு?"

"அவ வருமானத்துக்கு வரியே வராது."

"அதான் கேக்கிறேன்."

மைலோ ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "லிபி எங்கிட்ட வர்றதில்ல" என்றான். "வந்திருந்தா அவளையும் கெடுத்திருப்பேன்னு சொல்றியா?"

"அவள யாரும் கெடுக்க முடியாது. குச்சி வச்சிருக்கா."

எர்வின் மட்டும் லேசாகச் சிரித்தான். பிளாஞ்சின் கண் மீண்டும் காலண்டரில் போய் நின்றது. ரொம்பக் களைத்த மூளை சில நேரம் நேரான கேள்வியைத்தான் கேட்கும். சுற்றி வளைக்க அதற்குத் தெம்பிருக்காது.

"ஒத்தப்படை வருஷம் எப்ப பொறக்குது மைலோ?"

"இதென்ன கேள்வி? நாளன்னைக்கு."

"ஜனவரி ரெண்டாந்தேதி குடுக்கிற செக் எந்த வருஷத்துக் கணக்கு?"

மைலோ பென்சிலை எடுத்தான்.

"அடுத்த டிசம்பர்ல குடுக்கிற செக்கும் அதே வருஷம்தானே?" என்றாள் பிளாஞ்ச். "ரெட்டையாக் குடுக்கிறதுல ஒண்ண ஜனவரி ரெண்டாந்தேதி குடுக்கட்டும். ஒண்ண டிசம்பர்ல குடுக்கட்டும். மொதச் செக்க வச்சு அடுத்த வருஷம் பூரா சோறு போடுவேன். ரெண்டாவது செக்க வச்சு அதுக்கடுத்த வருஷம். உங்க பட்டியல்ல ரெண்டும் ஒரே வருஷத்துல நிக்கும். அறுநூறு டாலரும் எங்கயும் ஓடாது."

"ஜனவரியில யாருமே குடுத்ததில்ல பிளாஞ்ச்" என்றான் எர்வின். "விதைக்கிறதுக்கு முன்னாடி எப்படி? அறுவடை எப்படி இருக்குமோ, விலை என்னவோ..."

"இப்ப அறுத்தது எங்க இருக்கு?"

"கிடங்குல."

"அதுல பாதிய இன்னும் விக்கலன்னு நீதானே சர்ச்சுல எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச?"

எர்வின் மைலோவைப் பார்த்தான். மைலோ பென்சிலால் தாளில் எதையோ போட்டு, அடித்து, திரும்பப் போட்டான். அவன் காது மடல் சிவந்திருந்தது. முப்பத்தெட்டு வருஷமாக ஊர்க் கணக்கு எழுதுகிறவன். டிசம்பருக்கு முன்னாலும் பதினொரு மாசம் இருக்கிறது என்பதை அவனுக்கு ஒருத்தி வந்து சொல்ல வேண்டியிருந்தது.

"சரியாத்தான் இருக்கு" என்றான். "நாப்பத்தி மூணு குடும்பம். போன் பண்ணணும். இன்னைக்கு, நாளைக்கு. வருஷக் கடைசியில என் நேரத்துக்கு என்ன விலை தெரியுமா உனக்கு?"

"என் இருவத்தி மூணு வருஷத்துக்கு பில் போடட்டுமா?"

மைலோ போனை எடுத்தான்.

"மூடுற தீர்மானத்துல, முப்பத்தி ஒண்ணாந்தேதிக்குள்ள பணம் சேரணும்னு எழுதியிருக்கே..." என்று எர்வின் முனகினான்.

"எழுதினது யாரு?"

"நான்தான்."

"மைலோகிட்ட ரப்பர் இருக்கு. கேட்டு வாங்கி அழி."

முப்பத்தொன்று போயிற்று. புது வருஷமும் வந்து போயிற்று. அன்றைக்கு முழுதும் பிளாஞ்ச் உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. மைலோ போனில் சொன்னது ஒரே வரிதான்: "எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ம்ம்னாங்க." ஹோலுப்பில் 'ம்ம்' என்றால் ஆமாம் என்றும் பொருள், மாட்டேன் என்றும் பொருள், மாடு கன்று போட்டிருக்கிறது அப்புறம் பேசலாம் என்றும் பொருள். ரமோனா கூப்பிட்டபோது, "நாளைக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னாள். "எது தெரியும்?" என்றாள் ரமோனா. "எனக்கு எது வேணும்னு."

இரண்டாம் தேதி காலை எட்டு மணிக்குத் தபாலாபீஸ் திறந்ததும் முதல் ஆளாகப் போய்ப் பெட்டியைத் திறந்தாள்.

ஒன்றுமில்லை.

கையை உள்ளே விட்டுத் துழாவினாள். இரும்பு குளிர்ந்து கிடந்தது. அப்போது அவளுக்குள் எழுந்த முதல் உணர்ச்சி வருத்தமில்லை. தோளிலிருந்து ஒரு மூட்டையை யாரோ எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. மேசா, ஆரஞ்சு மரம், நீட்டிய கால். இரண்டாவதாகத்தான் வெட்கம் வந்தது. மூன்றாவதாக லிபி. இன்றைக்கு மதியம் லிபியிடம் உறையைக் கொடுக்க வேண்டும். அவள் கண்ணாடியைத் தேடுவாள், கிடைக்காது, நீயே படி என்பாள்.

பெட்டியைச் சாத்திவிட்டு மெதுவாகச் சமூகக் கூடத்துக்கு வண்டியை ஓட்டினாள். முனை திரும்பினதும் பிரேக்கில் காலை வைத்தாள்.

கூடத்து வாசலிலிருந்து எண்ணெய்க்கடை மூலைவரை பிக்கப் வண்டிகள் நின்றன. எல்லாம் எஞ்சினை அணைக்காமல். புகை எழும்பி, அந்தத் தெருவில் மட்டும் தனியாக ஒரு மேகம் உண்டாகி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தது. வாசற்படியில் மைலோ, மூக்கு நுனியில் கண்ணாடி, காதில் பேனா, கம்பளித் தொப்பியோடு நின்று, வருகிறவன் செக்கை வாங்கி வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன மைலோ இது? தபால்ல ஒண்ணுமே..."

"தபாலா! முப்பத்தொண்ணாந்தேதி பெட்டியில போட்டா அந்தத் தேதி முத்திரை விழும். போன வருஷக் கணக்காயிடும். செத்தான். எவனும் தபால்ல போடக்கூடாது, ரெண்டாந்தேதி கையில கொண்டாந்து குடுன்னு சொல்லிட்டேன்." அடுத்த செக்கைப் பார்த்தான். "ஏய், தேதியப் பாரு! பழைய வருஷத்தப் போட்டிருக்க! போ, வண்டியில உக்காந்து வேற எழுதிக் கொண்டா. பதினோராவது ஆளு இவன்! புது வருஷம் பொறந்து ரெண்டு நாளாச்சு, கைக்கு இன்னும் சேதி போகல."

எர்வின் வரிசையில் நாலாவது ஆளாக நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். அவன் செக்கில் தேதி சரியாக இருந்தது. தொகை மைலோ சொன்னதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

ஒன்பதரைக்குள் முப்பத்தாறு செக் வந்துவிட்டது. முப்பத்தோராயிரம் டாலர். ஏழு குடும்பம் வரவில்லை. அவர்களுடைய 'ம்ம்' வேறு வகை. பிளாஞ்ச் நன்றி சொன்னாள். ஒவ்வொருத்தருக்கும் ரசீது எழுதினாள். விரல் மரத்துப் போயிற்று. யாரும் நின்று பேசவில்லை. குளிர், அதோடு இந்த ஊரில் கொடுத்ததைப் பற்றிப் பேசுவதற்கு எல்லாருக்கும் கூச்சம். அறுநூறு டாலரைப் பற்றி மட்டும் எல்லாரும் பேசினார்கள்.

அவள் படியிறங்கியபோது எர்வின் பின்னாலேயே வந்தான். சமையல்கட்டுக்குள் நின்று நாலு பக்கமும் பார்த்தான். அவன் பார்வை கறியை உறைய வைக்கிற பழைய உறைபெட்டியில் போய் நின்றது. வலது கை மெல்லச் சட்டைப் பையை நோக்கி நகர்ந்தது.

"பிளாஞ்ச், இந்த உறைபெட்டி கொஞ்சம் பழசாயிடுச்சு இல்ல? லிங்கன் டவுன்ல ஒருத்தன் விக்கிறதுக்கு வச்சிருக்கான், உள்ளயே நடந்து போகலாம்..."

பிளாஞ்ச் ஒரு உருளைக்கிழங்கு மூட்டையை அவன் முன்னால் தள்ளினாள். உரிக்கும் கத்தியை அவன் வலது கையில் வைத்தாள்.

"கை அரிக்குதா? இந்தா."

"நானா?"

"நாப்பது பவுண்டு. கிழங்குல கண்ணு இருந்தா தோண்டி எடு. இனி டிசம்பர் முப்பதாந்தேதி வந்தா நீ இங்க வந்து உக்காந்து உரிக்கிற. செக் புஸ்தகம் எங்கிட்ட இருக்கும்."

எர்வின் உரித்தான். நன்றாகவே உரித்தான். பதினோரு மணிக்குத் தட்டுகள் கட்டியாயிற்று. பையிலிருந்து எடுத்த நாற்பத்தாறு கடிதங்களையும் பிளாஞ்ச் கிழிக்கவில்லை. பின்பக்கம் வெள்ளையாக இருந்தது, நல்ல தாள். கடைச் சாமான் பட்டியல் எழுத வைத்துக்கொண்டாள். முதல் தாளில் எழுதினாள்: மாவு, வெங்காயம், பன்றிக்கறி. மறுபக்கத்தில் மிகுந்த வருத்தம் அப்படியே இருந்தது.

தட்டு ஏற்றும் நேரம் ரமோனா கூப்பிட்டாள். "என்னடி ஆச்சு? பிப்ரவரிக்கு வர்றியா?"

பிளாஞ்ச் வண்டிக் கதவில் சாய்ந்துகொண்டாள். அங்கே பின்னணியில் ஏதோ பறவை கத்திக்கொண்டிருந்தது. இங்கே கத்தத் துணிந்த பறவை ஒன்றும் இல்லை.

"இந்த வருஷம் இல்ல. ரெட்டைப்படை வருஷத்துல பாக்கலாம்."

"அது என்னடி கணக்கு?"

"மைலோகிட்ட கேட்டுச் சொல்றேன்."

ரமோனா என்னவோ திட்டினாள். பிளாஞ்ச் கேட்டுக்கொண்டாள். ஆரஞ்சு மரத்தைப் பற்றி இன்னும் ஒரு தடவை சொல்லச் சொல்லலாமா என்று நினைத்தாள். சொல்லச் சொல்லவில்லை.

லிபி குச்செரா கதவைத் திறக்கும்போதே தட்டின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"உருளைக்கிழங்கு யாரு உரிச்சா? பாதிக் கிழங்கு தோலோட போயிருக்கும் போலிருக்கே."

"எர்வின் ஸ்லாமா."

"அதான். அவங்கப்பனும் எதையும் வாங்குவான், எதையும் சரியா உரிக்க மாட்டான்." காப்பி டப்பாவை எட்டிப் பிடித்தாள். உள்ளே இருந்து இருபது டாலர் நோட்டு ஒன்று வந்தது.

"லிபி, மாசம் இப்பத்தான் பொறந்திருக்கு. போன வாரந்தானே குடுத்தீங்க?"

"ஊரே வரிசையில நின்னு குடுக்குதாம், எதிர் வீட்டுக்காரி சொன்னா. என்னமோ சலுகையாம். விலையேறிடப் போகுதேன்னு நானும் எடுத்துட்டேன்."

"உங்களுக்குச் சலுகை ஒண்ணும் கிடையாது, லிபி."

"தெரியும்டி. வாங்கிக்க." ஊன்றுகோலால் நாற்காலியைக் காட்டினாள். "மூஞ்சி இன்னும் தொங்கிக்கிட்டுத்தான் இருக்கு. உக்காரு செத்த நேரம்."

பிளாஞ்ச் நாற்காலியைப் பார்த்தாள். மெத்தை வைத்த நாற்காலி, ஜன்னலோரம், மதிய வெயில் பாதி இருக்கையில் விழுந்திருந்தது.

"உக்காந்தா எந்திரிக்க மாட்டேன்" என்றாள். "இன்னும் பதினெட்டு வீடு இருக்கு."

நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "ரசீது வேணுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் படியிறங்கினாள். இங்கே மூன்று படிதான்.